மூலவர் அனுமதி பெற்று மேலேற்றவும்

ஒரு மனிதன் ஓர் ஊரில் குடியிருக்கிறானா என்பதை இரண்டு விதமாகத் தெரிந்துகொள்ளலாம். ஒன்று, அந்த ஊருக்குப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டலாம். இன்னொன்று, அவனுடைய சான்றிதழைப் பார்க்கலாம். முதல் வழியில் ஏமாந்துபோக இடமிருப்பதால், நாகரிகம் அடைந்த அரசாங்கங்கள் எல்லாம் இரண்டாவது வழியைத்தான் நம்புகின்றன.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இந்தச் சான்றிதழ் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். ஆர்.கே.பேட்டையைத் தாண்டினால் ஆந்திரா எங்கே ஆரம்பிக்கிறது என்று மேய்கிற மாட்டுக்கும் தெரியாது, மேய்க்கிறவனுக்கும் தெரியாது. அப்பாவை நைனா என்கிறோம். அத்தை மகனைப் பாவா என்கிறோம். சண்டை வந்தால் மட்டும் சுத்தமான தமிழில் திட்டிக்கொள்கிறோம். அதனால் எங்கள் பிள்ளைகள் எந்தக் காலேஜில் போய் நின்றாலும், "நீ எந்த ஸ்டேட்டும்மா?" என்று கேட்ட பிறகுதான் பேரைக் கேட்பார்கள்.

இந்தக் குறையைப் போக்கத்தான் திருத்தணியில், மலையடிவாரத்தில், 'எல்லைப்புறக் கிராமங்களுக்கான இருப்பிடச் சான்று வழங்கும் தனி மையம்' திறக்கப்பட்டது. ஒரு தனி அலுவலர், ஒரு கணினி இயக்குநர், ஒரு அலுவலக உதவியாளர், ஒரு கம்ப்யூட்டர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால் கடைசி இரண்டு எழுத்து பக்கத்து டீக்கடையின் மேலே போய் முடிந்தது. டீக்கடைக்காரர் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. மையத்துக்கு வருகிறவர்கள் எப்படியும் தன் கடைக்குத்தான் வந்து சேருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. அப்போது ஆபீஸில் லினக்ஸ் வைப்பது, கல்யாண மண்டபத்தில் ஏ.சி. வைப்பது மாதிரி ஒரு கௌரவம். யாருக்கும் சொந்தமில்லாத மென்பொருள் என்று அதற்குப் பேர். யாருக்கும் சொந்தமில்லாததைப் பராமரிப்பதில் அரசு அலுவலகங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆகவே எல்லாக் கணினியிலும் லினக்ஸ்தான் இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. சான்றிதழ் அச்சடிக்கிற மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்த மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இன்னோர் ஆணை வந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தேதி.

இப்படிப்பட்ட சமயத்துக்காகத்தான் உலகத்தில் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றினார். லினக்ஸின் வயிற்றுக்குள் இல்லாத கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து வைத்தார். அந்த இல்லாத கம்ப்யூட்டருக்குள் விண்டோஸை வைத்தார். வெளியிலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு லினக்ஸ் தெரியும்; உள்ளே போகும் விண்ணப்பத்துக்கு விண்டோஸ் தெரியும். இரண்டு ஆணையும் நிறைவேறின.

இதோடு விட்டிருக்கலாம். அந்தக் காலத்தில் இன்னொரு ஃபேஷனும் இருந்தது: கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுப்பது. அதற்கு ஒரு கலைச்சொல் குழு அமைத்தார்கள். இல்லாத கம்ப்யூட்டருக்கு 'மெய்நிகர் இயந்திரம்' என்று பேர் வைத்தார்கள். மாட்யூல் என்பது 'தொகுதி' ஆயிற்று. லோடு செய்வது 'மேலேற்றுதல்' ஆயிற்று. ரூட் என்று ஒன்று உண்டு. அந்தப் பேரில் உள்ளே போகிறவர்தான் கம்ப்யூட்டருக்குச் சர்வாதிகாரி. அதற்கு முதலில் 'மூலம்' என்றுதான் வைத்தார்களாம். அந்த வியாதியால் வருஷக்கணக்காக அவதிப்பட்டுவந்த மூத்த உறுப்பினர் ஒருவர் உட்கார முடியாமல் எழுந்து நின்று ஆட்சேபித்ததால், மரியாதை விகுதி சேர்த்து 'மூலவர்' என்று தீர்மானித்தார்கள். குழுவில் எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை. இருந்திருந்தால், மலைமேல் ஏற்கெனவே ஒரு மூலவர் இருப்பதை ஞாபகப்படுத்தியிருப்பார்.

தனி அலுவலர் சேஷகிரி அரக்கோணத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவர். ரயில் தாமதமானால் தாமதமாக வருவார். தாமதமாகாவிட்டால் அதைத் தவறவிட்டு அடுத்த ரயிலில் வருவார். ஆனால் அலுவலகத்துக்குள் வந்துவிட்டால் அவருக்கு விதி என்றால் விதி. மெய்நிகர் இயந்திரம் ஒன்று வழங்கப்பட்டிருப்பதாகக் கடிதம் வந்ததும், அதை இருப்புப் பதிவேட்டில் சேர்த்து, எண் எழுதிய ஸ்டிக்கரையும் தயார் செய்துவிட்டார். எங்கே ஒட்டுவது என்பதுதான் பிரச்சினை. யோசித்து, மேசையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து அந்தக் காலி இடம் அரசுச் சொத்து. அதன்மேல் டீ டம்ளரை வைத்த கணினி இயக்குநர் அபிராமசுந்தரிக்கு வாய்மொழி எச்சரிக்கை தரப்பட்டது.

"காலியாத்தானே சார் இருக்குது?"

"காலின்னு உனக்குத் தோணுதும்மா. ரெக்கார்டுல இருக்குது."

இந்த மையத்துக்குத்தான் ஆடி மாசம் திங்கட்கிழமை காலையில் இஸ்ரேலும் அவர் மகள் ப்ளெஸ்ஸியும் வந்தார்கள். ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் எல்லையோரம் அவர்கள் ஊர். இஸ்ரேல் நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். ப்ளெஸ்ஸிக்கு வேலூர்ப் பக்கம் ஒரு நர்ஸிங் ஸ்கூலில் சீட் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இருப்பிடச் சான்றிதழ் கொண்டுவந்தால் சீட். வராவிட்டால் வெளி மாநிலம் என்று கணக்கு வைத்து, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். விண்ணப்பம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை வந்ததும் அச்சடித்துக் கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அபிராமசுந்தரி ப்ளெஸ்ஸியின் பேரைத் தட்டி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கிருத்திகைக்காகத் தெருவெல்லாம் சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் எத்தனையைத்தான் தாங்கும்? யூ.பி.எஸ். ஒன்று இருந்தது. அதில் தனி அலுவலரின் டேபிள் ஃபேன் மாட்டியிருந்தது. ஃபேன் நிற்காமல் சுற்றியது. கம்ப்யூட்டர் செத்தது.

கரண்ட் வந்து, கம்ப்யூட்டர் மறுபடி உயிர்பெற்று, லினக்ஸ் வந்தது. உள்ளேயிருக்கும் இல்லாத கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. திரையில் கலைச்சொல் குழுவின் அழகான தமிழில் ஒரு செய்தி வந்தது:

'மெய்நிகர் இயந்திரத்தின் சாதனம் காணவில்லை. மூலவர் அனுமதி பெற்று, உரிய தொகுதியை மேலேற்றவும்.'

அபிராமசுந்தரி அதை உரக்கப் படித்தாள். சேஷகிரி எழுந்து வந்து மேசையின் காலி இடத்தைப் பார்த்தார். ஸ்டிக்கர் இருந்தது. வேறொன்றும் இல்லை.

"காணோம்," என்றார்.

"இன்னா சார், எப்பவும் இப்படித்தானே இருக்குது?" என்றார் அலுவலக உதவியாளர் தங்கவேல்.

"இல்ல தங்கவேலு. நேத்து வரைக்கும் அது இருந்தது, கண்ணுக்குத் தெரியல. இன்னிக்கு இல்ல, அதனால தெரியல. ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம் தெரியுமா? ஆடிட்காரன் வந்தா யார் பதில் சொல்றது?"

இஸ்ரேல் மெதுவாகத்தான் கேட்டார். டீக்கடையில் திரும்பிப் பார்த்தார்கள். "சார், எங்க சர்ட்டிபிகேட்டு?"

"சாதனம் காணாமப் போயிருக்குது, நீங்க சர்ட்டிபிகேட்டு கேக்கறீங்க! உக்காருங்க. இந்த விசாரணை முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் எங்கேயும் போகக்கூடாது. சம்பவத்தப்போ இங்க இருந்தவங்க நீங்கதான்."

அப்படியாக இஸ்ரேலும் ப்ளெஸ்ஸியும் மையத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சேஷகிரி கிளம்பிப் போலீசுக்குப் போனார். எழுதிக்கொள்ள உட்கார்ந்த ஏட்டையா பொறுமைசாலி.

"என்ன சார் காணாமப் போச்சு?"

"இயந்திரம்."

"கலரு?"

"கலர் கிடையாது."

"எவ்ளோ பெருசு?"

"அளவு குறிப்பிடப்படவில்லை."

"கடைசியா யாரு பார்த்தது?"

"யாரும் பார்த்ததில்ல."

ஏட்டையா பேனாவை மூடினார். "அப்போ காணாமப் போனது எப்படித் தெரிஞ்சிது?"

"அதுவே சொல்லிச்சு. தமிழ்ல."

"அதுவே சொல்லிச்சுன்னா அது இருக்குது சார். காணாமப் போனவங்க யாரும் ஸ்டேஷனுக்கு வந்து நான் காணாமப் போயிட்டேன்னு சொல்ல மாட்டாங்க. போயி நல்லாத் தேடுங்க."

இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாக சேஷகிரிக்கே பட்டது. செவ்வாய்க்கிழமை தேடினார்கள். பீரோவுக்கு அடியில் தேடினார்கள். டேபிள் ஃபேனை நகர்த்தித் தேடினார்கள். பேர்ப்பலகை டீக்கடை வரை நீள்வதால் டீக்கடையிலும் தேடினார்கள். பெஞ்சில் இப்போது சான்றிதழுக்கு வந்த பத்து பதினைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து கால் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

புதன்கிழமை, வேறு வழியில்லாமல், சென்னையில் இருக்கும் உதவி எண்ணுக்கு போன் செய்தார்கள். 'தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு பெண் சொன்னாள். எவ்வளவு முக்கியம் என்பதை ஃபில்டர் காபி ஆறும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ராகவேந்திரா என்ற பையன் லைனில் வந்தான்.

"சார், இது ஒண்ணுமே இல்ல. ரீபூட் ஆனா அந்த டிவைஸ் போயிடும். அது அப்படித்தான். ரூட்டா உள்ளே போயி மாட்யூலை ஒருவாட்டி லோடு பண்ணா வந்துடும். ஒரே ஒரு லைன் அடிக்கணும்."

"எந்த ரூட்டு? அரக்கோணம் ரூட்டா, திருப்பதி ரூட்டா?" என்று கேட்டார் சேஷகிரி.

"ரூட்டுன்னா மூலவர் சார். உங்க ஸ்கிரீன்லயே இருக்குமே."

"சரி. தொகுதின்னு போட்டிருக்குதே, அது எம்.எல்.ஏ. தொகுதியா, எம்.பி. தொகுதியா?"

ராகவேந்திரா பேச்சை மாற்றினான். "சார், உங்க ஆப்பரேட்டர்கிட்ட குடுங்க."

அபிராமசுந்தரி வாங்கினாள். "ஆங், தெரியும் சார். அந்த லைன் எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

"பாஸ்வேர்டு போன்ல சொல்லக்கூடாதும்மா. சீல் வச்ச கவர்ல உங்க மாவட்டத் தலைமைக்கு அனுப்பியாச்சு."

"அங்க கேட்டேன் சார். கவர் பீரோவுல இருக்குதாம். சாவி வச்சிருக்கிறவரு காவடி எடுக்க விரதம் இருக்காராம், லீவு."

"அப்போ வெள்ளிக்கிழமை கழிச்சுத்தான்."

"ஒவ்வொரு வாட்டி கரண்ட் போனாலும் இதே கூத்தா? பூட் ஆகும்போது அதுவாவே வர்ற மாதிரி ஒரு லைன் எழுதி வைக்க முடியாதா?"

"முடியும்மா. ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அப்படி எழுதி வச்சிட்டா, அப்புறம் பராமரிப்பு ஒப்பந்தம் எதுக்குன்னு எங்களைக் கேப்பாங்க."

அவன் உண்மையைச் சொன்னதால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. அபிராமசுந்தரி போனை வைத்தாள்.

ப்ளெஸ்ஸி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "அக்கா, இப்போ இன்னாதான் பண்ணணும்?"

"மூலவர் ஓகே சொன்னா முடிஞ்சிதும்மா."

"மூலவர் எங்க இருக்காரு?" என்று கேட்டவர் சேஷகிரி.

அபிராமசுந்தரியின் வீட்டார் தலைமுறை தலைமுறையாக மலைமேல் மடப்பள்ளியில் சமைக்கிறவர்கள். அந்தக் கேள்விக்கு அவள் வாயில் வேறு பதில் வராது. "மூலவர் மேலதான் சார் இருக்காரு," என்றாள்.

சேஷகிரி திரையை இன்னொரு தடவை படித்தார். மூலவர் அனுமதி பெற்று. மேலேற்றவும். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மூன்று நாளாகப் புரியாதிருந்த அரசு ஆவணம் ஒன்று ஒரு நொடியில் புரிந்துபோனால் அலுவலரின் முகத்தில் ஒரு தெளிவு வரும். அது வந்தது.

"தெளிவாத்தானே போட்டிருக்கான்!" என்றார். "நம்மதான் போலீஸு, சென்னைன்னு அலைஞ்சிகினு இருந்தோம். நாளைக்கு மேலே ஏத்திடுவோம்."

"நாளைக்கு கிருத்திகை சார். லீவு நாளாச்சே," என்றார் தங்கவேல்.

"லீவு நாள்ல வேலை செஞ்சா ஈடு விடுப்பு உண்டு."

தங்கவேலுக்கும் ஒரு தெளிவு வந்தது.

ப்ளெஸ்ஸி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள். "நைனா, இது இன்னா கிறுக்குத்தனம்? கம்ப்யூட்டரு சொல்ற மூலவரு வேற, இவரு புரிஞ்சிகினது வேற."

"தெரியுதும்மா. நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை. நீ வேற வழி சொல்லு, நான் இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கல."

"பாஸ்டர் பார்த்தா?"

"பாஸ்டர் பார்த்தா இன்னா? அவரு அப்ளிகேஷனும் இதுக்குள்ளதான் மாட்டிகினு இருக்குது."

வியாழக்கிழமை ஆடிக் கிருத்திகை. ஊரே காவடியும் மொட்டையும் சந்தனமுமாக இருந்தது. வண்டிகளை மேலே விடவில்லை. மையம் படிவழியாகப் புறப்பட்டது. பெரிய டப்பா மானிட்டரை இஸ்ரேல் தோளில் வைத்துக்கொண்டார். சி.பி.யூ.வைத் தண்ணீர்க்குடம் மாதிரி ப்ளெஸ்ஸி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கீபோர்டும் பிரின்டரும் அபிராமசுந்தரியிடம். கோப்பு சேஷகிரியிடம்.

"மெய்நிகர் இயந்திரத்தை யாரு எடுத்துகினு வர்றது?" என்று சேஷகிரி கேட்டார்.

"நான் எடுத்துக்கறேன் சார்," என்று தங்கவேல் முந்திக்கொண்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒன்றுமில்லாததை வாங்கிக்கொண்டு படியேறினார். மண்டபத்துக்கு மண்டபம், "கனம் தாங்கல சார்," என்று இறக்கி வைத்து இளைப்பாறினார். அவர் இளைப்பாறும்போது மானிட்டரோடு இஸ்ரேலும் நிற்க வேண்டியிருந்தது.

மானிட்டரில் தூசு படாமலிருக்க ப்ளெஸ்ஸி தன் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். துப்பட்டா மஞ்சள் நிறம். அதுவே போதுமானதாக இருந்தது. பக்கத்தில் வந்த பம்பைக்காரர் அவர்களுக்கும் சேர்த்து அடித்தார். யாரோ மானிட்டருக்கு மாலை போட்டார்கள். யாரோ இஸ்ரேலின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். 'அரோகரா' என்று வழி விட்டார்கள். ஆற்காட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்:

"இன்னா வேண்டுதலுப்பா?"

"இருப்பிடச் சான்றிதழும்மா."

அந்த அம்மா சிரிப்பார் என்று இஸ்ரேல் நினைத்தார். அவர் சிரிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆங், அதுக்கு இதான் வழி. என் மவனுக்கு பட்டாவுக்காக நான் மூணு வருஷமா வந்துகினு இருக்கேன்."

மேலே அபிராமசுந்தரியின் சித்தப்பா பொருள் வைக்கும் அறையில் ஒரு பிளக் பாயின்ட் காட்டினார். 'சீக்கிரம் முடிச்சிக்கோங்க, பொங்கல் இறக்கணும்' என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. சேஷகிரி வரிசையில் நின்று, சன்னதியில் கோப்பைத் திறந்து மூலவருக்குக் காட்டி, கையில் விபூதியோடு திரும்பிவந்தார்.

"அனுமதி வாங்கியாச்சு. ஏத்து."

அபிராமசுந்தரி கம்ப்யூட்டரைப் போட்டாள். அதே செய்தி. அவள் செல்போனை எடுத்து ராகவேந்திராவைப் பிடித்தாள். பின்னால் மணிச்சத்தமும் அரோகராவும் கேட்டிருக்கும் போலிருக்கிறது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"மேல சார். திருத்தணி மலைமேல. கம்ப்யூட்டரோட."

"நிஜமாவா?"

"சார் இப்பத்தான் மூலவர்கிட்ட கேட்டுட்டு வந்தாரு."

ராகவேந்திராவின் குரல் தழைந்து வந்தது. "எனக்கு முதல் மொட்டை அங்கதாம்மா போட்டாங்க. கோயில்ல இருந்து கேக்கறப்போ இல்லைன்னு எப்படிச் சொல்றது? எழுதிக்கோங்க." பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டான்.

அபிராமசுந்தரி ஒரே ஒரு வரி தட்டினாள். இல்லாத கம்ப்யூட்டர் வந்துவிட்டது. உள்ளே விண்டோஸ் பச்சைப்பசேலென்று புல்வெளி காட்டியது.

"பார்த்தியா தங்கவேலு," என்றார் சேஷகிரி, கண்கலங்கி. "விதிப்படி செஞ்சா நடக்கும்."

தங்கவேல் அப்போதுதான் கையைக் கீழே போட்டார்.

ப்ளெஸ்ஸியின் விண்ணப்பம் திறந்தது. அதோடு சேர்க்க வேண்டிய, கிராம நிர்வாக அலுவலர் ஜெகநாதனின் அறிக்கை புதன்கிழமை மாலையே வந்து, உறை பிரிக்காமல் கோப்பில் இருந்தது. ஜெகநாதன் நேர்மையானவர், வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர் இல்லை. சேஷகிரி படித்தார்:

'திங்கள், செவ்வாய், புதன் ஆகிய நாட்களில் மேற்படி முகவரிக்கு நேரில் சென்றதில் வீடு பூட்டியிருந்தது. தறியும் ஓடவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், விண்ணப்பதாரரும் தந்தையும் காலை முதல் மாலை வரை திருத்தணி தனி மையத்தின் பெஞ்சில் இருந்துவருவதாகத் தெரிகிறது. எனவே விண்ணப்பதாரர் மேற்படி கிராமத்தில் வசிப்பதாகச் சொல்ல இயலவில்லை.'

"சார்!" என்று இஸ்ரேல் போட்ட சத்தத்தில் மடப்பள்ளியில் கரண்டி விழுந்தது. "நீங்கதானே சார் எங்கேயும் போகாதேன்னு உக்கார வச்சீங்க?"

"வச்சேன். அதுக்காக நான் பொய் எழுத முடியுமா? நீங்க ஊர்ல இல்லைன்னு அவரு சொல்றாரு. அது நிஜம்."

"நாளைக்கு கடைசி நாளு சார்," என்றாள் ப்ளெஸ்ஸி. குரல் உடையவில்லை, உடைந்தால் தேவலை என்று இருந்தது. "எங்க இருக்கேன்னு எழுதுங்க. எங்கேயோ இருக்கேன் இல்ல? உங்க முன்னாடி நின்னுகினு இருக்கேன் இல்ல?"

சேஷகிரி யோசித்தார். விதிகளில் ஊறியவர்களுக்கு இரக்கம்கூட ஒரு விதியின் வழியாகத்தான் வர முடியும். அன்று அது வந்தது.

"நீ எங்க இருக்கேங்கறதுக்கு ஆதாரம் இருக்குதா? இருக்குது. அரசு அலுவலர் அறிக்கையே இருக்குது. காலை முதல் மாலை வரை மையத்தின் பெஞ்சில். அபிராமசுந்தரி, அடி. நிரந்தர முகவரி: எல்லைப்புறக் கிராமங்களுக்கான இருப்பிடச் சான்று வழங்கும் தனி மையம், திருத்தணி."

பிரின்டர் இரண்டு தடவை இருமிவிட்டுக் கொடுத்தது. கோபுர முத்திரை, கையெழுத்து, விபூதிக் கறை எல்லாம் இருந்தன. இஸ்ரேல் வாங்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

"வாங்கிக்கோ நைனா," என்றாள் ப்ளெஸ்ஸி. "திருத்தணி தமிழ்நாட்டுலதான் இருக்குது."

நர்ஸிங் ஸ்கூலில் முத்திரையை மட்டும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை அவள் சேர்ந்துவிட்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இது பக்திக் கதையாகியிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுடைய அறிக்கைகளும் ஒவ்வொன்றாக வந்தன. ஜெகநாதன் போன வீடெல்லாம் பூட்டு. எல்லோரும் மையத்தில். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு மறுப்பது பாரபட்சம். ஆகவே பாஸ்டர் உட்பட அத்தனை பேருக்கும் அதே முகவரியில் சான்று வழங்கப்பட்டது. செய்தி பரவியதும், சும்மா வீட்டில் இருந்தவர்களும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்தால் சான்றிதழ் நிச்சயம் என்று பேச்சு. டீக்கடைக்காரர் பெஞ்சை நீட்டினார். கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரை மலைக்கு எடுத்துப் போனார்கள். பாஸ்வேர்டு கையில் இருந்தும், மேலேற்றினால்தான் வரும் என்று சேஷகிரி நம்பினார். அபிராமசுந்தரியும் மறுத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சித்தப்பா புளியோதரை தருவார்.

சேஷகிரிக்கு 'சிறந்த புதுமை நடைமுறை' என்று பாராட்டுப் பத்திரம் வந்தது. கூடவே இடமாறுதலும் வந்தது.

வருஷ முடிவில் மேலிடத்தில் புள்ளிவிவரம் பார்த்தார்கள். எல்லைப்புறக் கிராமங்களின் மக்கள் தொகை கிட்டத்தட்டப் பூஜ்யம். அத்தனை பேரும் திருத்தணியில் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். எல்லையில் ஆளே இல்லாதபோது எல்லைப்புறத்தாருக்கு மையம் எதற்கு? மையம் மூடப்பட்டது. கட்டடத்தை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் அதில் 'நிரந்தரமாகக் குடியிருப்போர்' அனைவருக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார்கள், அந்த முகவரிக்கே. தபால்காரர் போனார். கதவு பூட்டியிருந்தது. 'வசிப்போர் காலி செய்துவிட்டனர்' என்று எழுதித் திருப்பினார். அத்தனை பேருடைய முகவரியும் நீக்கப்பட்டது.

இது இஸ்ரேலுக்கு எப்படித் தெரிந்தது என்றால், தறிக்கு மின் இணைப்பைப் புதுப்பிக்கப் போனபோது, அப்படி ஒருவர் எங்குமே குடியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். முகவரி இழந்தவர்களுக்குத் திருவள்ளூரில் புதிதாக ஒரு பிரிவு திறந்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போய் நின்றார். அன்றைக்கு அங்கேயும் கம்ப்யூட்டரில் ஏதோ காணவில்லையாம்.

மத்தியானம் நர்ஸிங் ஸ்கூல் ஹாஸ்டலுக்கு போன் போட்டு மகளைக் கூப்பிட்டார்.

"ஊர்லயும் இல்லைன்றாங்க, திருத்தணியிலயும் இல்லைன்றாங்க. ஒண்ணும் புரியலம்மா. நம்ம இப்போ எங்கதான் குடியிருக்கோம்?"

"லைன்ல நைனா," என்றாள் ப்ளெஸ்ஸி. "நீ இப்போ எத்தினியாவது ஆளு?"

இஸ்ரேல் எட்டிப் பார்த்தார். முன்னால் பாஸ்டர் ஓர் அடி நகர்ந்தார். இஸ்ரேலும் ஓர் அடி நகர்ந்தார். பின்னால் நாங்கள் எல்லோரும் நகர்ந்தோம்.